மெதுவாகப் பேசிய குற்றம்

பஞ்சாட்சரத்துக்குப் பொய் பேச வராது. மெதுவாகப் பேசவும் வராது. இரண்டும் ஒன்றுதான் என்பது அவர் எண்ணம். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஜவ்வாது மலையில் அவர் பிறந்த நாவக்கொல்லையில் எல்லோருக்கும் அதே எண்ணம்தான்.

அந்த ஊரில் செல்போனுக்கு டவர் கிடைப்பது ஒரே இடத்தில். மேற்கே இருக்கிற பெரிய பாறை மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும், இறங்கினால் அதுவும் போய்விடும். அதனால் யார் பேசினாலும் பக்கத்தில் பத்துப் பேர் தங்கள் முறைக்காக நிற்பார்கள். போன் வந்த புதிதில் பழனி என்று ஒருவன் பாறை ஓரமாக முதுகைக் காட்டிக்கொண்டு கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தான். நாலு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, பங்காளிகள் பொதுவில் வைத்திருந்த புளியந்தோப்பைக் கீழ்நாட்டு வியாபாரி ஒருவனுக்குப் பேசி முடித்துவிட்டான் என்று. அன்றிலிருந்து ஊரில் கட்டுப்பாடு. பாறை மேல் ஏறினால் ஸ்பீக்கரைப் போட வேண்டும், வாய்விட்டுப் பேச வேண்டும். எவனாவது குரலைத் தாழ்த்தினால் எவர் குடியையோ கெடுக்கப் பார்க்கிறான் என்று அர்த்தம். நகரத்துக்காரர்களுக்கு ஒரு நாகரிகம் என்றால் நாவக்கொல்லைக்கு இது.

அந்த நாகரிகத்தோடுதான் பஞ்சாட்சரம் செவ்வாய்க்கிழமை காலையில் செங்கம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார். அன்று வரப்போகிற ஒரு போனுக்காக அவர் ஆறு வருஷம் காத்திருந்தார்.

அண்ணன் கண்ணாயிரத்துக்கும் அவருக்கும் வரப்பில் நின்ற ஒரு பலாமரத்தால் சண்டை. மரம் யாருடையது என்று மரத்துக்கே தெரியாது. ஆனால் வார்த்தை முற்றி, தம்பிக்காரர் மூட்டை கட்டிக்கொண்டு மலையின் அந்தப் பக்கம் மனைவியின் ஊருக்கே போய்விட்டார். இப்போது அண்ணன் மகள் வெண்ணிலாவுக்குக் கல்யாணம். அவர்கள் வகையறாவில் பெண்ணின் சித்தப்பாதான் பந்தலுக்கு முதல் கால் நட வேண்டும். அண்ணன் தன் வாயால் கூப்பிட வேண்டும், தம்பி ஊர் கேட்கச் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேறொரு பங்காளி காலை நட்டுவிடுவான். அதன் பிறகு அந்த வீட்டு நல்லது கெட்டது எதற்கும் தம்பிக்கு இடமில்லை. பத்து மணிக்கு ஊரையே பாறையில் கூட்டி வைத்துக்கொண்டு கண்ணாயிரம் பேசுவார் என்று முதல் நாளே சேதி வந்திருந்தது. பஞ்சாட்சரமோ கூப்பிடுவதற்கு முன்பே வெண்ணிலாவுக்குப் புடவை எடுக்கக் கிளம்பிவிட்டார். அவ்வளவு ஆசை.

பஸ் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டார்.

"டேய் பஞ்சாட்சரம்!"

"அண்ணா! சொல்லுண்ணா! நல்லா கீறியாண்ணா!"

முன் சீட்டில் ரெபேக்கா என்ற இளம்பெண் எட்டு மாதக் குழந்தையை மடியில் போட்டிருந்தாள். இரண்டு நாளாகக் காய்ச்சல். செங்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறாள். ராத்திரி முழுக்க அழுத பிள்ளை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. அது தூக்கிப்போட்டு விழித்து வீரிட்டது.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா பேசுங்கண்ணே. கொழந்தைக்கு ஒடம்பு சரியில்ல."

"ரெண்டு நிமிசம்மா," என்றார், அதையும் கத்தித்தான் சொன்னார்.

மூன்று முறை கேட்டாள். கண்டக்டர் சந்திரனும் வந்து சொன்னான். பஞ்சாட்சரத்துக்குச் சுருக்கென்றது. "நான் இன்னா திருட்டுத்தனமா பண்றேன்? எங்க அண்ணன்கிட்ட பேசுறேன். மூடி மூடிப் பேசறவன போய்க் கேளு!"

"பெரியவரே, இது உங்க வூடு இல்ல, பஸ்ஸு."

அதற்குள் வளைவு திரும்பி லைன் போய்விட்டது. அண்ணன் கேட்க வேண்டியதைக் கேட்கவே இல்லை. அந்தக் கோபம் வேறு சேர்ந்துகொள்ள, பஞ்சாட்சரம் எழுந்து நின்று, ஒரு பச்சைப்பிள்ளைக்காக வாயைக் கட்டச் சொல்கிற உலகத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். பின் சீட்டில் இருந்தவர்கள் அவரைத் திட்ட, அவர் அவர்களைத் திட்ட, பஸ்ஸுக்குள் ஒரே ரகளை. அடிவாரத்து போலீஸ் செக்போஸ்ட் வந்ததும் டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். எல்லாரும் செத்த நேரம் இறங்கி நில்லுங்க, இவங்க பஞ்சாயத்து முடியட்டும் என்றார்.

செக்போஸ்ட்டில் இருந்தவர் ரேணுகாதேவி என்ற பெண் காவலர். கண்டக்டர் சொன்னதையும் ரெபேக்கா சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பஞ்சாட்சரத்தை உள்ளே கூப்பிட்டு எதிரில் நிற்க வைத்து, பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதினார். ஜென்மத்தில் போலீஸ் வாசலை மிதிக்காத மனுஷர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னாங்க, படிச்சிப் படிச்சி சொல்லியும் கேக்கலையாமே? கேஸ் போடட்டுமா?"

"வேணாங்க மேடம். நான் ஒண்ணும் தப்பாப் பேசலைங்க."

"தப்பாப் பேசுனீங்கன்னு யாரு சொன்னா? சத்தமாப் பேசுனீங்க. உங்க வூட்டுக் கதை ஊருக்கு எதுக்குங்க?"

இந்தக் கேள்வி அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. வீட்டுக் கதை ஊருக்கு இல்லாமல் வேறு யாருக்கு? பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது. மறுபடியும் அண்ணன்.

"எடுங்க. ஆனா ஸ்பீக்கர் கூடாது. மெதுவா, பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்காத மாதிரி பேசிப் பழகுங்க பாக்கலாம்," என்றார் ரேணுகாதேவி.

பஞ்சாட்சரம் வாழ்க்கையில் முதல் முறையாகப் போனைக் காதில் வைத்தார். கையை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, "அண்ணா," என்றார். அது அவருக்கே வேறு யாருடைய குரலோ போல இருந்தது.

அந்தப் பக்கம் கண்ணாயிரம் ஊரறியக் கேட்டார். "வெண்ணிலா கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட வர்றியாடா?"

"வர்றேண்ணா."

"இன்னா? காதுல வுழல. ஏன்டா இப்டி குசுகுசுன்னு பேசுற? பக்கத்துல யாரு?"

பொய் வராதே. "போலீஸ்ல கீறேண்ணா," என்றார் அதே கிசுகிசுப்பில்.

போலீஸ் என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் பாறை மேல் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்திருக்கும். பஞ்சாட்சரத்தின் காதில் வெறும் காற்று இரைந்தது. பிறகு அண்ணன் குரல் வந்தது, உடைந்துபோய். "பொண்ணு கல்யாணம் வச்சிக்கீறேன். இந்த நேரத்துல மரத்துக்காகப் போலீசுக்குப் போயிட்டியாடா? அதையும் என்கிட்டயே ரகசியமா சொல்றியா?"

போன் வைக்கப்பட்டது.

பஞ்சாட்சரம் திரும்பப் போட்டார், யாரும் எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டார். ஆறு வருஷம் பேசாமல் இருந்தபோதுகூட அண்ணன் தன்னை அயோக்கியன் என்று நினைத்ததில்லை என்று அவருக்குத் தெரியும். இப்போது நினைத்துவிட்டார். பாறைக் கட்டுப்பாட்டையும் பந்தக்காலையும் அவர் தட்டுத்தடுமாறிச் சொல்லச் சொல்ல ரேணுகாதேவியின் பேனா நின்றுவிட்டது.

"நான் வேணா பேசட்டுங்களா?"

"ஐயோ வேணாங்க மேடம். போலீஸ் கொரலக் கேட்டா முடிஞ்சே போச்சு."

"அப்ப வெளிய போயி எவ்ளோ சத்தமா வேணும்னாலும் பேசுங்க. போங்க."

வெளியே ஓடினார். புங்கமரத்தடியில் பயணிகள் எல்லோரும் நின்றிருந்தார்கள். ரெபேக்கா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். இந்த முறை போனை அண்ணன் மகன் நவீன்குமார் எடுத்தான்.

"சித்தப்பா, அப்பா பாறைய வுட்டு எறங்கறாரு."

"கூப்புடுடா அவர! ஸ்பீக்கரப் போடுடா! அண்ணா! ஏ அண்ணா! நான் கேசு குடுக்க வரலண்ணா! என் மேலதான் கேசு!"

மலையே திரும்பிப் பார்க்கும் அந்தச் சத்தத்தில், தூக்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த குழந்தை மறுபடி வீரிட்டது. பஞ்சாட்சரம் திரும்பினார். காய்ச்சலில் சிவந்த கன்னமும் தண்ணீர் ஓடுகிற மூக்கும் பக்கத்தில் தெரிந்தன. பஸ்ஸில் அவர் பார்த்தது ரெபேக்காவின் முதுகைத்தான். பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறார். திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கத்தினால் குழந்தை அழும், கத்தாவிட்டால் அண்ணன் நம்பமாட்டார்.

"யார்ரா அது, கொழந்த அழுவுது?" அண்ணன் திரும்பி வந்திருந்தார்.

"பஸ்ஸுல வந்த கொழந்தண்ணா. ஜொரம். நீ பேசுனியேன்னு சந்தோசத்துல கத்திட்டேன். ரெண்டு தபா எழுப்பி வுட்டுட்டேன். அதுக்குத்தான் போலீசு என்ன மெதுவா பேசச் சொல்லிச்சு." போனை வாயருகே கொண்டுபோனார். "மரமும் வேணாம் மண்ணும் வேணாம். நான்தான்ணா கால் நடுவேன்."

பாறை மேல் யாரோ, சம்மதம் வந்துடுச்சு என்று சொல்வது கேட்டது. குழந்தை விசும்பிக்கொண்டே இருந்தது.

பிறகு ஸ்பீக்கரில் ஏதோ முணுமுணுப்பு வந்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. பஞ்சாட்சரம் பதறிப்போய், "அண்ணா, ஒண்ணும் கேக்கலண்ணா," என்றார்.

"காதுல வையி சித்தப்பா," என்றான் நவீன்குமார். "கொழந்த இன்னும் அழுவும்னு அப்பா மெதுவா பேசறாரு."

ஊரே சுற்றி நிற்கிற பாறை மேல், கட்டுப்பாட்டை மீறி, கண்ணாயிரம் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார். பஞ்சாட்சரம் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் அழுத்திக்கொண்டார். அண்ணனுக்கு இப்படியொரு குரல் இருப்பதே அவருக்கு இத்தனை வயதில் தெரியாது. நின்றவாறே கேட்டார். இரண்டு முறை தலையாட்டினார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

புங்கமரத்தடியில் ஒரு சத்தம் இல்லை. பஸ்ஸில் அவர் வாயை அடைக்கப் பார்த்த அத்தனை பேரும் இப்போது காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ரேணுகாதேவிகூட வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். பேச்சு முடிந்ததும் கண்டக்டர் சந்திரனால்தான் பொறுக்க முடியவில்லை.

"இன்னா பெரியவரே, அண்ணன் இன்னா சொன்னாரு?"

பஞ்சாட்சரம் போனைச் சட்டைப்பையில் போட்டார். ரெபேக்காவின் தோளில் கண்சொருகிக்கொண்டிருந்த பிள்ளையை ஒரு தரம் பார்த்தார்.

"அது எங்க வூட்டு விசயம்பா," என்று சன்னமாகச் சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஏறினார்.