உயிர்ப்பற்ற பெட்டி

1.

அன்று வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். நான், அளவெட்டி நாதசுரக்காரன் கனகரத்தினம். என் மனைவி பூரணம். தவில் ஆழ்வாப்பிள்ளை, எனக்கு மச்சான் முறை. நெல்லியடியில் றேடியோ திருத்தும் யாகோப்பு. ஐந்தாவது ஆள் கிடையாது. அங்கே இல்லாதவர்கள்தான் இந்தக் கதையை அதிகம் சொல்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

2.

முதல் தொடக்கம்: "எண்பத்தைந்தாம் ஆண்டு ஆவணியில் எங்கள் வீட்டை இசை வெள்ளம்..." வேண்டாம். சோடனை.

இரண்டாவது: "என் தகப்பனார் ஒருநாளும் சுருதி பிசகியவரல்லர்." இது நிற்கட்டும்.

ஆழ்வாப்பிள்ளை கோயில் தேர்முட்டியடியில் வேறு கதைத்தான். அறுபத்தொன்றாம் ஆண்டுத் திருவிழாவில் தகப்பனார் ஊத, பதிந்த நாடாவில், தோடியின் உச்சத்தில் பெரியவருக்குப் பிசகிவிட்டதாம். கோயில் மண்டபத்தில் அவர் படம் வைக்கும் பேச்சு அதோடு நின்றது.

நல்ல கருவியில் போட்டுக் காட்டி அவன் வாயை அடைக்க நினைத்தேன். அந்தப் பழைய நாடாவை முன்னமே கசற்றுக்கு மாற்றி வைத்திருந்தேன். ஜேர்மனியிலிருந்து மகன் அனுப்பிய கசற் பெட்டி, அம்பிளிபயர், ஸ்பீக்கர் எல்லாம் இருந்தன. குறை, இடையில் பூட்டும் முன்பெருக்கி. யாகோப்பு இரண்டு கொண்டுவந்தான். ஒன்று கரண்டில் ஓடும். சத்தத்துக்குத் தன் பலத்தையும் சேர்க்கும். மற்றதற்குக் கரண்ட் வேண்டாம். ஒரு குமிழ் மட்டும். தன்பாட்டுக்கு எதையும் சேர்க்காது. பள்ளிக்கூடப் புத்தகத் தமிழில் துண்டு எழுதி ஒட்டியிருந்தான்: உயிர்ப்புள்ளது, உயிர்ப்பற்றது.

"உயிரில்லாததை ஏன் தம்பி சாமிப்படத்துக்கு நேரை வைக்கிறீர்?" என்றாள் பூரணம்.

"அது வெறும் பேர், அக்கா."

"பேர் வைக்கேக்கை யோசிச்சிருக்க வேணும்."

3.

உயிர்ப்புள்ளது வீட்டை அதிரவைத்தது. நாடாவில் ஊதிய இரண்டு நாயனமும் ஒன்றாய்க் கலந்து வந்தன. உச்சக் காந்தாரத்தில் அந்தப் பெரிய சத்தம் ஒருகணம் தளம்பியது.

"பாத்தியே மச்சான்? நான் பொய்யே சொன்னனான்?"

(இவனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. காதில் விழுந்ததைத்தான் சொன்னான்.)

மற்றதைப் பூட்டினோம். ஹெலிகொப்டர் ஒன்று தாழப் போனது. போகும்வரை காத்திருந்து, நாடாவைத் திரும்பச் சுற்றினோம். சத்தம் மெலிந்துவிட்டது. ஆனால் இரண்டு நாயனமும் தனித்தனியே கேட்டன. உச்சத்தில் ஒன்று அசையாமல் நின்றது. மற்றது மயிரிழை இறங்கியது.

"எனக்கொண்டும் விளங்கேல்லை," என்றான் ஆழ்வாப்பிள்ளை. தவில் அடித்தடித்துச் செவி மந்தம். "கூட்டிவிடு!"

"இதிலை கூட்டேலாது, அண்ணை. குறைக்கத்தான் ஏலும்." யாகோப்பு என் பக்கம் திரும்பினான். "ரெண்டு பேரெல்லோ ஐயா ஊதியிருக்கினம்? மற்றது ஆர்?"

பூரணம் என்னைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள். முப்பது வருடம் என் சாதகத்தைக் கேட்டவள். நான்

நான் சொன்னேன்: "உயிர்ப்பற்றது இந்த வீட்டுக்கு ஆகாது. கழற்றும்."

4.

முடிவு ஒன்று: உயிர்ப்புள்ளதை வாங்கினேன். மற்றதற்குப் பேர் பிழை என்று காரணம் சொன்னேன்.

முடிவு இரண்டு: எழுந்து நின்று ஆழ்வாப்பிள்ளையின் காதுக்குள்... எழுதினேன், வெட்டினேன். அப்படி நடக்கவில்லை.

மூன்றாவதை நீங்கள் எழுதலாம் என்று விடத்தான் இருந்தேன். மனம் ஒப்பவில்லை.

ஊர்க்கதை இது: பெரியவருக்குப் பிசகியது, அதை மறைக்கத்தான் அவர் மகன் கனகரத்தினம் சத்தப் பெட்டி வாங்கினான்.

பெட்டி வாங்கியது உண்மை. மறைத்ததும் உண்மை. பிசகியது அவருக்கல்ல. இரண்டாம் நாயனம் ஊதியது நான்.