பயத்துக்கு எத்தனை மில்லி

துவாக்குடிப் பக்கத்தில் ஒரு பட்டறை. அங்கே பைப்புக்கும் அதன் வாயில் மாட்டுகிற பிளேஞ்சு வளையத்துக்கும் போடுகிற வெல்டின் கனத்தைப் பைப்பைப் பார்த்து முடிவு செய்வதில்லை. பாஸ் என்று கையெழுத்துப் போடுகிற அதிகாரியின் பயத்தை அளந்துதான் முடிவு செய்வார்கள். அளக்கிறதும் பெரிய வித்தை ஒன்றுமில்லை. அதிகாரி அண்ணாந்து நிற்பார். தொண்டைக்குழியில் வெல்டின் கனம் அளக்கிற கேஜை வைத்தால் இத்தனை மில்லிமீட்டர் என்று காட்டிவிடும். தைரியசாலிக்கு நாலு, பிள்ளைகுட்டிக்காரருக்கு ஆறு, ரிட்டயர் ஆகப்போகிறவருக்குப் பத்து வரைக்கும் போகும்.

இன்னொரு சட்டமும் உண்டு. வெல்டு பாஸாகாமல், அதைப் போட்டவர் பட்டறையை விட்டு நகரக் கூடாது. வெல்டு போடுகிற பிலோமினாவுக்கு அதுதான் நெஞ்சில் கிடந்து உருண்டது. சனிக்கிழமை காலை மலையடிப்பட்டிக் கோயிலில் மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். புதன்கிழமை பார்த்துக் கொண்டுவந்து இறக்கினார்கள், குடிதண்ணீர்ப் பைப்பு ஒன்றை. பிளேஞ்சுக்குள் பைப்பைச் சொருகி வெளியே ஒரு சுற்று, உள்ளே ஒரு சுற்று. அரை நாள் வேலை.

அதிகாரி கனகசபாபதி சார் அண்ணாந்து நின்றார். எட்டு மில்லி. பிலோமினா எட்டே போட்டாள். அவர் வந்து குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு தடியாப் போட்டிருக்கியேம்மா. உள்ள ஏதாவது கோளாறு இருக்குமோ?"

"உங்க தொண்டை சொன்னதைத்தான் சார் போட்டேன்."

அந்தச் சந்தேகத்தில் அவருக்குப் பயம் கூடிவிட்டது. மறுபடி அளந்தார்கள். பதினொன்று. பதினொன்றைப் பார்த்துவிட்டு இன்னும் பயந்தார். பதினாறு. வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிறபோது வெல்டு பலாப்பழம் கணக்காகப் பருத்து, சூட்டில் பிளேஞ்சு அப்பளம் போல வளைந்து, உள்சுற்று பைப்பின் வாயையே அடைத்துவிட்டது.

வெல்டைத் தேய்க்கிற கிரைண்டர் பிடிக்கிற சூசை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "யக்கா, மருமவனுக்குச் சீர்வரிசையா இதையே தூக்கிட்டுப் போயிரு. நடுவீட்டுல வச்சிக்கிட்டு உக்காரட்டும்."

"வாய மூடிட்டு ராடு எடுத்துக் குடுடா."

சனிக்கிழமை விடிந்தது. ஊரில் இந்நேரம் ஜெசிந்தாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பார்கள். பிலோமினா கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

"சார், உங்களுக்கு என்னதான் பயம்?"

"ஒழுகினா யாரு கையெழுத்துன்னு கேப்பாங்களேம்மா."

"தண்ணியே போகாது சார். பைப்பு அடைச்சிப் போச்சு. அப்புறம் எங்கிட்டு ஒழுகுறது?"

கனகசபாபதி சார் பைப்புக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். கும்மிருட்டு. காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி அவர் முகம் தெளிந்தது. தானாகவே அண்ணாந்து நின்றார். கேஜ் பூஜ்யம் காட்டியது.

பயம் பூஜ்யம் என்றால் வெல்டும் பூஜ்யம்தான். சூசை கிரைண்டரைப் போட்டு மொத்தத்தையும் செதுக்கித் தள்ளினான். முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. பைப்பு ஒரு பக்கமும் பிளேஞ்சு ஒரு பக்கமும், பேச்சு நின்றுபோன சம்பந்திகள் மாதிரிக் கிடந்தன. சார் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். பாஸானதை மறுபடி அளக்கிற வழக்கம் அங்கே இல்லை.

"அப்ப நான் கிளம்பட்டுமா சார்? தாலி கட்டியே முடிச்சிருப்பாங்க."

"எங்கேருந்தும்மா கிளம்பறே? பூஜ்ய வெல்டுன்னா யாரும் வெல்டு போடலைன்னுதானே ஆகுது. புதன்கிழமையிலேருந்து நீ லீவுல இருக்கே."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பிலோமினா பஸ் ஏறினாள்.

மலையடிப்பட்டியில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சகாயமேரி வாசலில் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, மூணு பந்திக்கும் நின்னு பரிமாறினியே, செத்த நேரம் படுக்கக் கூடாதா? இப்ப எங்க போயிட்டு வர்றே?"

"பொண்ணு?"

"நீதானே கட்டிப் பிடிச்சு அழுது கார்ல ஏத்தி விட்டே."

பிலோமினா குனிந்து பார்த்தாள். முந்தானையில் சாம்பார் தெறித்திருந்தது. வாளி தூக்கின தோள் விண்விண்ணென்று வலித்தது. அழுத கண் இன்னும் எரிந்தது.

"இன்னும் எத்தனை அண்டா கெடக்கு?" என்று கேட்டுக்கொண்டே சேலையைத் தூக்கிச் செருகி, அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.