அடுப்புக்கு மேலே ஒரு தட்டு

…இதை முதலில் எடுப்பதா, கடைசியில் எடுப்பதா, முதலில் எடுத்தால் கையோடு சமையலறைக்குக் கொண்டுபோயாக வேண்டும், கடைசியில் எடுத்தால் அதற்குள் துணியெல்லாம் மடித்து முடித்து மனசும் கொஞ்சம் திடப்பட்டிருக்கும், ஆனால் எப்போது எடுத்தாலும் கனம் கனம்தானே, பெட்டியின் அடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள் அந்த ஆரஞ்சு நிறப் பாத்திரம், கடல் தாண்டி வந்த களைப்புகூட இல்லாமல். கட்டிலின் மேல் பெட்டி திறந்து கிடக்க, ஒரு காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். அதன் ஜோடி எங்கே? பயணம் போனால் ஜோடி பிரியாத காலுறை உண்டா? குளியலறையில் துணி இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது, ஹாலில் சோபாவில் கணவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார், பாவம், லிஃப்ட் பழுது பார்க்கிற ஆளை வெளிநாடு கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும், ஊரே அண்ணாந்து கோபுரத்தைப் பார்க்கும்போது இவர் மட்டும் ஓட்டல் லிஃப்ட் கதவில் காதை வைத்து, "பேரிங் போயிடுச்சு, சொன்னா கேக்க மாட்டானுங்க" என்று கவலைப்பட்டார். யாரிடம் சொல்வது, எந்தப் பாஷையில் சொல்வது… அந்தக் கவலையோடே திரும்பி வந்துவிட்டார் மனிதர். மகள் கல்லூரிச் சிநேகிதிகளுக்கு வாங்கிய சாவிக்கொத்துகளை அள்ளிக்கொண்டு வந்த சூட்டோடு கிளம்பிவிட்டாள். அத்தை மட்டும் சமையலறையில். டப்பாக்களின் சத்தம் கேட்கிறது. என்ன செய்கிறார் அங்கே?

அத்தை என்றால் மாமியார். தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், முப்பது பெண்களைக் குரல் உயர்த்தாமல் வேலை வாங்கியவர், அந்தக் குரலை வீட்டில் ஒரு நாளும் உயர்த்தியதில்லை, அதுதானே வம்பே! உயர்த்தியிருந்தால் இவளும் ஒரு முறை உயர்த்தி, ஒரு நாள் அழுது, மறுநாள் சேர்ந்து டீ குடித்திருக்கலாம். அத்தை எதுவும் சொல்ல மாட்டார். இவள் உப்பு டப்பாவை அடுப்புக்கு வலது பக்கம் வைப்பாள், காலையில் பார்த்தால் அது இடது பக்கம் இருக்கும். கரண்டிகளை நிற்க வைப்பாள், மறுநாள் அவை இழுப்பறையில் படுத்திருக்கும். யார் செய்தது, எப்போது செய்தது, ஒரு வார்த்தை கிடையாது, முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இவள் கைராசிக்காரி, நரம்பே தெரியாத குண்டுக் கைகளை மற்ற பெண்கள் இவளிடம்தான் தள்ளிவிடுவார்கள், இரண்டு விரலால் தடவி, கண்ணை மூடிக்கூட, ஒரே குத்தில் எடுத்துவிடுவாள், யார் யாரோ நம்பிக் கையை நீட்டுகிறார்கள், ஆனால் சொந்த வீட்டில் ஒரு உப்பு டப்பாவை இவளால் நிலையாக ஓரிடத்தில் வைக்க முடியவில்லை. சிரிப்பாகத்தான் இருக்கிறது. சிரித்துச் சிரித்துத்தான் கல்யாணமாகி மகளையும் கல்லூரிக்கு அனுப்பியாகிவிட்டது.

அதனால்தான் அந்தக் கடையில்… அன்றைக்கு நல்ல மழை, குடையை மடக்கிக்கொண்டு நாலு மாடிக் கடைக்குள் ஒதுங்கினார்கள், அத்தைக்குக் கால் வலி, தரைத்தளத்திலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், இதோ வந்துடறேன் அத்தை என்று இவள் மாடி ஏறினாள், வேடிக்கை பார்க்கத்தான், சத்தியமாக வேடிக்கை பார்க்கத்தான். மேலே மாடி முழுக்கப் பாத்திரம். நடுவில் இது. வார்ப்பிரும்பு, மேலே எனாமல் பூச்சு, சூரியன் மறையும் நேரத்து நிறம், மூடியைத் தூக்கி மூடினால் 'தப்' என்று ஒரு சத்தம், அடடா, அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம். கடைப்பெண் கன்னத்தில் குழி விழச் சிரித்து இரண்டு கையாலும் குழந்தையைத் தாலாட்டுவதுபோல் ஆட்டிக் காட்டினாள், கனம் அதிகம், பத்திரம் என்கிறாளாம். தெரியும் பெண்ணே, எனக்கும் கை இருக்கிறது. எதற்கு வாங்கினாள்? வீட்டில் பாத்திரமா இல்லை? எல்லாம் அத்தை வாங்கியது, அல்லது அத்தைக்கு வந்தது, இவள் வாங்கியது என்று அந்தச் சமையலறையில் ஒரு வடிகட்டிகூடக் கிடையாது. சொந்தச் சம்பளத்தில், யாரையும் கேட்காமல் வாங்கினாள். அப்புறம்தான் யோசித்தாள். கணவரிடம் மட்டும் சொல்லி, அவருடைய துண்டில் சுற்றி, ஓட்டல் அலமாரியில் கமுக்கமாக வைத்து… "திருட்டுப் பொருள் மாதிரி எதுக்கு ஒளிக்கிறே?" என்றார். உங்களுக்குப் புரியாதுங்க. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அத்தை இவள் கையிலிருந்த பையின் பருமனை ஒரு பார்வை பார்த்திருந்தார், அது இவளுக்குத்தான் தெரியும்.

ஒளித்து என்ன பயன், விமான நிலையத்தில் எடை அதிகம் என்று சொல்லிவிட்டார்கள், வரிசையில் பின்னால் அத்தனை பேர் கடுகடுவென்று நிற்க, தரையில் பெட்டியைத் திறந்து குடும்பமே குந்தி உட்கார்ந்தது, இருக்கிற கோட்டு ஸ்வெட்டர் எல்லாவற்றையும் ஆளுக்கு மூன்றாக மாட்டிக்கொண்டார்கள், கணவருக்குக் கை மடங்கவில்லை, மகள், "யாரும் எனக்குத் தெரிஞ்சவங்க இல்லை" என்று தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்போது துண்டு நழுவி அந்த ஆரஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது. இவள் அவசரமாகத் துண்டை இழுத்து மூடப் பார்த்தாள். அத்தை குனிந்து பார்த்தார், விரலால் மூடியைச் சுண்டினார், "உள்ள காலியாவா இருக்கு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். பிறகு இருந்த சாக்லேட்டை எல்லாம் அதற்குள் அடுக்கி, இடுக்கில் காலுறையைத் திணித்து, மூடியைக் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். காலியாக எதையும் தூக்கிப் போகாத குடும்பம் இது, சரி, ஆனால் அதற்கு என்ன அர்த்தம்? சம்மதமா? வீட்டுக்கு வா பார்த்துக்கொள்கிறேன் என்பதா? விமானத்தில் எல்லோரும் தூங்க, இவள் மட்டும் ஒரு வாக்கியத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தாள். 'அத்தை, இது என் பாத்திரம், அடுப்புக்கு மேல் தட்டிலேதான் இருக்கும், அதை யாரும் நகர்த்தக் கூடாது.' 'யாரும்' என்பதை எடுத்துவிடலாமா? எடுத்தால் இன்னும் கூர்மையாகிவிடுகிறது… இருக்கட்டும், 'யாரும்' இருக்கட்டும். இந்த ஒரு தட்டையாவது இன்றைக்கு விட்டுக்கொடுப்பதில்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் இனி என்றைக்குமே இல்லை.

சரி, வருவது வரட்டும். சாக்லேட்டைக் கட்டிலில் கொட்டிவிட்டு, பாத்திரத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு நடந்தாள், வாக்கியம் நாக்கு நுனியில். சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். அத்தை முக்காலி மேல் ஏறி நின்று அடுப்புக்கு மேல் தட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தட்டு காலி. அங்கே காலங்காலமாகக் குடியிருந்த டப்பாக்கள் எல்லாம் தரையில் வரிசையாக நின்றன. "அத்தை, இறங்குங்க, கால் வலிக்குதுன்னு சொன்னீங்களே!" என்றுதான் வாயில் வந்தது. அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். "இந்தா, இங்க வை. கனமானதாச்சே, கீழே வச்சா குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிடும்" என்றார். "உங்க டப்பாவெல்லாம்…" "உனக்கு எங்க வசதியோ அங்க வச்சுக்கோ. நான் இனிமே எதையும் நகத்த மாட்டேன்." சொல்லிவிட்டுக் கை துடைத்துக்கொண்டு அவர் பாட்டுக்குத் தன் அறைக்குப் போய்விட்டார். அப்படியென்றால்… தெரிந்தேதான் நகர்த்தியிருக்கிறார், இவள் கவனித்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது, உப்பு டப்பாவும் கரண்டியும் எல்லாமே! இவள் பாத்திரத்தைத் தட்டில் ஏற்றினாள், இரண்டு அடி பின்னால் வந்து பார்த்தாள், மறுபடி போய் விரற்கடை அளவு திருப்பி வைத்தாள், மூடியைத் தூக்கி ஒரு முறை மூடினாள். தப். சந்தோஷம், வேறு என்ன சொல்வது, தொண்டை வரைக்கும் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை இதில் ஒரு சூப், எலும்பு போட்டு, மெதுவாக, காலையிலிருந்து… அந்த வாக்கியம்தான் வீணாகிவிட்டது, விமானம் முழுக்கத் தேய்த்த வாக்கியம், போகட்டும், வீணாகட்டும், அது வீணானதில் இருக்கிற சுகம் அதைச் சொல்லியிருந்தால் வருமா?

இந்தச் சந்தோஷத்தை அத்தையிடமே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, வேடிக்கைதான், இத்தனை நாள் யாரை நினைத்துப் பல்லைக் கடித்தாளோ அவரிடமே. அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அத்தை கட்டிலில் உட்கார்ந்து ஒரு சின்னக் கைப்பிடிப் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். வெள்ளை எனாமல், விளிம்பில் நீலக் கோடு, உள்ளங்கையில் அடங்கிவிடும். "அழகா இருக்கே அத்தை! எப்ப வாங்கினீங்க?" "நீ மாடிக்குப் போனப்பதான், கீழேயே ஒரு மூலையில இருந்துச்சு. நான் மட்டும் குடையைப் பாத்துட்டே உக்காந்திருப்பேனா?" அத்தை சிரித்தார். "ஒரு ஆளுக்கு டீ போட அளவா இருக்குல்ல?" ஒரு ஆளுக்கா? இந்த வீட்டில் டீ என்றால் நாலு பேருக்கு, ஒருவருக்காக யாரும் அடுப்பு மூட்டியதில்லை. அத்தை அதை ஒரு சேலைக்குள் வைத்துச் சுற்றி, பெட்டிக்குள் வைத்து மூடினார். பெட்டி அப்படியே நிறைந்து இருந்தது. மற்ற பெட்டிகளெல்லாம் காலியாகிக்கொண்டிருக்கின்றன, இவருடையதிலிருந்து ஒரு ரவிக்கைகூட வெளியே வரவில்லை. தொலைபேசி நிலையத்தில் கூட வேலை பார்த்த சிநேகிதி ஒருத்தி, தனியாக வீடெடுத்து இருப்பவள், என் மாடி காலியா இருக்கு, வந்துடேன், நாம ரெண்டு கிழவிங்களும் இஷ்டம் போல இருக்கலாம் என்று கூப்பிடுகிறாளாம், போன மாதம் அத்தை சிரித்துக்கொண்டேதான் சொன்னார், இவர்களும் சிரித்தார்கள், கணவர் அதிகமாகவே சிரித்தார். விளையாட்டுப் பேச்சு. விளையாட்டுப் பேச்சுதானே?

"அத்தை…" என்றாள். "என்னம்மா?" என்று நிமிர்ந்தார். ஒரு வேளை வெறும் ஆசைக்கு வாங்கியதாக இருக்கும், இவள் வாங்கவில்லையா, ஆசைக்கு? துணி இயந்திரம் ஓயட்டும் என்று பெட்டியைக் காலி செய்யாமல் வைத்திருப்பார். கேட்டால் தெரிந்துவிடும். எப்படிக் கேட்பது… அவரிடமிருந்து ஒரு தட்டைக் கேட்டு வாங்க எத்தனை எத்தனை வாக்கியங்கள் செய்து வைத்திருந்தாள், பஸ்ஸில், குளிக்கும்போது, ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு… எங்களோடயே இருங்க என்று சொல்ல ஒன்றுகூடச் செய்து வைக்கவில்லை. "டீ போடவா?" என்றாள். "போடேன்" என்றார் அத்தை. சமையலறைக்கு வந்து தண்ணீரை அடுப்பில் ஏற்றினாள். தரையில் டப்பாக்கள் எல்லாம் இடம் மாறி நின்றன. "சர்க்கரை எதுல இருக்கு, அத்தை?" "இரு, வந்து எடுத்துத் தரேன்." ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தால் தானே கண்டுபிடித்துவிடலாம்தான். அவள் எதையும் திறக்காமல், அத்தை வரட்டும் என்று நின்றாள்.