பாலம் கேட்ட படகுத்துறைக்காரர்

லைமன் பிக்ஸ்பி சட்டசபையில் எழுந்து நின்றதுமே எதிர்வரிசையில் சிரிப்பு கிளம்பிவிட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆற்றில் அந்தப் பக்கத்துக்கெல்லாம் ஒரே படகுத்துறை அவருடையதுதான். வண்டியோ, மாடோ, கல்யாணக் கூட்டமோ, அவருடைய தட்டைப் படகில் ஏறாமல் அக்கரை போக முடியாது. அந்த இடத்தில் பாலம் கட்டும் மசோதாதான் அன்று விவாதத்துக்கு வந்திருந்தது.

"என்ன பிக்ஸ்பி, பாலத்துக்குக் குழி பறிக்க வந்துட்டீரா?" என்று கேட்டார் எதிர்வரிசை உறுப்பினரான ஹோட்டல்காரர் டன்லப்.

"தூண் நடணும்னா குழி பறிச்சுத்தானே ஆகணும்? மசோதாவைக் கொண்டுவந்ததே நான்தான்யா. படிச்சுட்டு வந்து சிரியும்."

சபை அடங்கியது. பிக்ஸ்பி சொல்லத் தொடங்கினார். போன மார்ச்சில், குளிரில் உறைந்திருந்த ஆற்றுப் பனி உடைந்து பாளம் பாளமாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் ஒரு விவசாயியின் மனைவிக்குப் பிரசவ வலி. இக்கரையில் டாக்டர் பையோடு நின்றார். பிக்ஸ்பியும் படகோட்டி ஹல்வோரும் படகைத் தள்ளினார்கள். பனிப்பாளம் மோதிப் பக்கப் பலகை பிளந்ததும் திரும்ப வேண்டியதாயிற்று. பிள்ளை பிழைத்தது. தாய் பிழைக்கவில்லை.

"ஹல்வோரை மிஞ்சின படகோட்டி இந்த மாநிலத்துலயே கிடையாது. அவனும் நானும் கரையில கையைக் கட்டிக்கிட்டு நின்னோம்."

"பாலம் வந்தா உம்ம பொழப்பு?" என்றார் டன்லப்.

"அந்தக் கவலை எனக்கு. நீர் ஓட்டுப் போடும்."

மசோதா நிறைவேறியது.

ஊர் திரும்பியபோது ஹல்வோர் கரையில் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வயித்துல அடிச்சுட்டீங்களே, முதலாளி."

"பாலம் வந்தா வண்டிங்க பெருகும்டா. வண்டி பெருகினா சக்கரம் வேணும். துறையிலயே பட்டறை போடுறேன். மரத்தோட மனசு தெரிஞ்ச ஆளு நீதான். பட்டறையில உனக்குப் பங்கும் உண்டு."

ஹல்வோர் தார்த் தூரிகையைக் கீழே வைத்தான். "பங்கா?"

"பங்குதான்."

அன்றிரவுச் சாப்பாட்டில் மனைவி தெர்ஸா பன்றிக்கறியைப் பரிமாறியபடியே கேட்டாள்: "ஏங்க, சக்கரம் செய்யத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. படகும் தெரியாமத்தான் ஆரம்பிச்சேன்."

"அப்ப முதல் சக்கரம் பூட்டின வண்டியில நான் ஏற மாட்டேன்."

அவள் ஏறாததும் நல்லதாயிற்று. முதல் சக்கரம் கோணலாக வந்து, துறைச் சரிவில் தானாக உருண்டு ஆற்றில் விழுந்தது. ஹல்வோர் வாய்விட்டுச் சிரித்தான். பிக்ஸ்பி சட்டைக் கையை மடித்துவிட்டு அடுத்த கட்டையை எடுத்தார். பாலத்தின் கடைசிப் பலகை அடிக்கப்பட்ட இலையுதிர் காலத்தில், பட்டறை வாசலில் சக்கரத்துக்காக வண்டிகள் வரிசைகட்டி நின்றன.