ஓட்டிக் காட்டாத கார்

விளம்பரத்தில் எல்லாம் இருந்தது. 1970ஆம் ஆண்டு செவெல் கார், கூரை மடக்கும் வகை. கடும் நீலம், வெள்ளைத் துணிக்கூரை, எட்டுச் சிலிண்டர், கையால் மாற்றும் நாலு கியர். துரு இல்லை. பார்க்க விரும்புபவர்கள் சனிக்கிழமைகளில் ஸ்காபரோவின் மோர்னிங்சைட் வீட்டுக்கு வரலாம். சொந்தக்காரர் காரை ஓட்டிக் காட்டமாட்டார் என்பது மட்டும் அதில் இல்லை.

விநாயகமூர்த்தி அந்தக் காரை லின்ட்சே பக்கத்துப் பண்ணையொன்றில் கண்டபோது, அதன் பின் ஆசனத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு மேப்பிள் மரக்கன்று நின்றது. அப்போது அவருக்கு உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. காலை நேரங்களைக் கராஜுக்குள் செலவழித்தார். தகரம் வெட்டினார், ஒட்டினார், இயந்திரத்தை இறக்கி ஏற்றினார். கியர்ப் பெட்டியைத் தானே பிரித்துப் பூட்டினார், சத்தம் பிடிக்காமல் மறுபடியும் பிரித்தார். ஒன்பது வருடங்கள் போயின. அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூரையை மடக்கிவிட்டு ஏரிக்கரை வரை போய்வருவார். பக்கத்தில் மனைவி யோகராணி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, "மெல்ல, மெல்ல" என்று சொல்லியபடி இருப்பார். தெரு முழுவதும் அந்தச் சத்தத்தை அறியும்.

இந்த மார்ச்சில் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் அவர் கதிரையோடு சரிந்து விழுந்தார். வலிப்பு. அந்த நேர வேலையில் வேறு தமிழர் எவரும் இருக்கவில்லை என்பதுதான் யோகராணிக்குக் கிடைத்த முதல் ஆறுதல். இப்படியான நோயாளிகளை மருத்துவர் மாகாண அரசுக்கு அறிவிக்க வேண்டும். அவர் அறிவித்தார். லைசென்ஸ் போனது. வலிப்பு திரும்பி வராமல் சில மாதங்கள் கழிந்தால் மீளக் கிடைக்கும் என்றார்கள். மே மாதத்தில் குளியலறையில் இன்னொரு தடவை வந்தது. அதன் பிறகு விநாயகமூர்த்தி அந்த மாதக் கணக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

காரை விற்கும் யோசனை யோகராணியுடையது.

"கோடை முழுக்கக் கார் கராஜுக்குள்ளை நிண்டா சனம் கேக்கும். வித்துப்போட்டம் எண்டா கேள்வி இல்லை."

"லைசென்ஸ் இல்லையெண்டு சொன்னா என்ன?"

"ஏன் இல்லையெண்டு கேப்பினம். குடிச்சுப்போட்டு ஓடினதெண்டு கதைச்சாலும் பரவாயில்லை, இதைக் கதைக்கக்கூடாது. பிள்ளைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம்."

பிள்ளை என்றால் நிலாணி, வயது இருபத்தெட்டு. பேச்சு, பக்கத்து நகரமான மார்க்கத்தில் இருக்கும் துஷாந்தின் வீட்டோடு. இருவரும் இரண்டு வருடங்களாகப் பழகுகிறார்கள். ஆனாலும் பெரியவர்கள் பேசி முடிப்பதாகத்தான் இருக்க வேண்டும் என்று துஷாந்தின் தாயார் சொல்லியிருந்தார். அந்தத் தாயார் ஏற்கெனவே தன் உறவுக்குள் பேசிய ஒரு சம்பந்தத்தை, பெண்ணின் பெரியப்பாவுக்கு வலிப்பு என்று கேள்விப்பட்டு நிறுத்தியவர். நிலாணி துஷாந்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"ஹி இஸ் ஓகே வித் இற், அப்பா. ஆனா அவையின்ரை அம்மாக்கு இப்ப சொல்லவேண்டாமாம். கலியாண எழுத்து முடியட்டுமாம்."

"பாத்தியே," என்றார் யோகராணி. "அந்தப் பெடியனுக்கே விளங்குது."

முதலில் வந்தவர் கோபால். தமிழ்நாட்டுக்காரர், நகர மையத்தில் கணினி வேலை. காரைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். இயந்திர மூடியைத் திறந்ததும் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"சார், சூப்பரா பண்ணிருக்கீங்க. ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்களேன்."

"இன்சூரன்ஸ் நிப்பாட்டிப்போட்டன் தம்பி. ரோட்டிலை ஏத்தேலாது."

"விக்கிறதுக்கு முன்னாடியே ஏன் சார் நிறுத்தினீங்க?"

விநாயகமூர்த்தி கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார். கோபால் தேநீர் குடித்தார், இரண்டு றோல்ஸ் சாப்பிட்டார், போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பண்ணவில்லை.

அடுத்த கிழமை டோர்செட் பார்க் பகுதியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் காருக்கடியில் படுத்துப் பார்த்தார். மற்றவர், வீட்டு முற்றத்துக்குள்ளாவது முன்னும் பின்னுமாக ஓட்டிக் காட்டச் சொன்னார்.

"முழங்கால் நோ. கிளச் மிதிக்கேலாது," என்றார் விநாயகமூர்த்தி. முற்றத்துக்குள் ஓட்டச் சட்டம் தடுக்காது. ஆனால் காருக்கு முன்னால் சுவரோடு நின்ற அந்த மனிதர்களைப் பார்த்தார், தன் கையையும் பார்த்தார். சாவியை எடுக்கவில்லை.

"அண்ணை, நாங்கள் உங்கடை முழங்காலை வாங்க வரேல்லை."

"நீங்கள் ஏறி ஓடிப் பாருங்கோவன்."

"ஐயோ, பூட்டின ஆளே தொடாத சாமானை நான் ஏன் தொடுவான்? நாளைக்கு உடைஞ்சா என்ரை தலையிலை விடிஞ்சிடும்."

இருவரும் சிரித்தார்கள். தேநீரும் குடித்தார்கள்.

ஆவணி முடிவதற்குள் ஸ்காபரோவில் கதை பரவிவிட்டது. பலசரக்குக் கடையில் மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்ற யோகராணியிடம் ஒரு பெண் பரிவோடு கேட்டார்: "உங்கடை இவரின்ரை கார் ஸ்ராட் மட்டும்தான் ஆகுமாம், ஓடாதாம், மெய்யே?" யோகராணி அதை வீட்டில் சொன்னபோது விநாயகமூர்த்தி கராஜுக்குள் போனார். காரை இயக்கி, கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் இருந்தார். சத்தத்தில் ஒரு பிசிறும் இல்லை. கேட்பதற்கு அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

அதன் பிறகு செல்வரட்ணம் வந்தார். துஷாந்தின் தாய்மாமன், தாயாருக்குத் தம்பி. வீட்டுக் கடன் எடுத்துக் கொடுக்கும் தொழில். பழைய கார் மீது உண்மையாகவே ஆசை உள்ளவர். ஆனால் அன்று அவர் பார்க்க வந்தது காரையா, குடும்பத்தையா என்பது யோகராணிக்குத் தெரியவில்லை. அதனால் நல்ல கோப்பைகளை வெளியே எடுத்தார். நிலாணி வாசற்படியில் நின்றாள்.

செல்வரட்ணம் அவசரப்படவில்லை. கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். கச்சிதமாக அடைபட்ட சத்தம் ஒன்று, அவ்வளவுதான். கூரையை ஏற்றி இறக்கினார். இயந்திரத்தை இயக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"வடிவா இருக்கு அண்ணை. உது கோயில் வேலை மாதிரி. வாங்கோ, ஒருக்கா ஏறுங்கோ. என்ரை பெயரிலை ஒரு கிழமைக்கு இன்சூரன்ஸும் போட்டுக்கொண்டுதான் வந்தனான். நீங்கள் ஓடுங்கோ, நான் பக்கத்திலை இருந்து பாக்கிறன்."

"நீங்கள் ஓடுங்கோவன் தம்பி."

"முதல் நீங்கள். செய்தவன் ஓடேக்கை பாக்கவேணும், அப்பதான் காரின்ரை குணம் தெரியும்."

"முழங்கால்..."

"படியாலை இறங்கி வரேக்கை நொண்டேல்லையே." செல்வரட்ணத்தின் குரலில் கோபம் இல்லை, அக்கறைதான் இருந்தது. "அண்ணை, நான் வெளி ஆள் இல்லை. நாளைக்கு ஒரு குடும்பமாகப்போறம். வெளியிலை ஏதேதோ கதைக்கினம். கார் அடிபட்டதோ? ஆரையும் அடிச்சதோ? ஒம்பது வருசம் பாடுபட்ட மனுசன் ஸ்ரியறிங்கிலை கை வைக்கிறாரில்லை எண்டா ஒரு காரணம் இருக்கும். காரிலை இல்லையெண்டா ஆளிலை இருக்கோணும். எது எண்டு சொல்லுங்கோ."

யோகராணி தேநீர்த் தட்டத்தைப் படியில் வைத்தார். நிலாணி ஒரு படி கீழே இறங்கினாள்.

"அப்பா," என்றாள்.

விநாயகமூர்த்தி அவளைப் பார்க்கவில்லை. காரின் நீல மூடியில் உள்ளங்கையை வைத்திருந்தார். அது வெயிலில் சுட்டது.

"காரிலைதான்," என்றார். "கியர்ப் பெட்டி பிழை. மூண்டாம் கியர் கழருது. எத்தினை தரம் பிரிச்சுப் பூட்டியும் சரிவரேல்லை. எனக்கு அந்த வேலை வடிவாத் தெரியாது. வெக்கத்திலை சொல்லேல்லை."

செல்வரட்ணம் நீளமாக மூச்சுவிட்டார். பிறகு விநாயகமூர்த்தியின் தோளில் கை போட்டார்.

"இதை முந்தியே சொல்லியிருக்கலாமே அண்ணை! இதிலை என்ன வெக்கம்? பெட்டிதானே, என்ரை மெக்கானிக் பாப்பான்."

பெட்டிக்கென்று விலையைக் குறைத்துக் கேட்டார். விநாயகமூர்த்தி சரி என்றார். பேரம் பேசவில்லை. திங்கட்கிழமை, பழுதான கார்களை இழுத்துப்போகும் ரோ ட்றக் ஒன்று வந்து, ஓடக்கூடிய காரை ஓடாத காரைப்போல இழுத்து மேலே ஏற்றியது. எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டும் யந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சங்கிலி வண்ணத்தில் உரசிவிடாமல் விநாயகமூர்த்தி இடையில் ஒரு பழைய துவாய்த் துண்டைச் செருகினார். வண்டி தெரு முனையில் திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்து படுத்தார். வலிப்பு மருந்து எப்போதும் நித்திரையைக் கொடுக்கும். அன்று நித்திரைக்கு மருந்தின் உதவி தேவைப்படவில்லை.

"யூ லைட் அபௌட் யுவர் ஓன் வேர்க்," என்றாள் நிலாணி, மாலையில். "எனக்காகவோ பொய் சொன்னனீங்கள்?"

"கார்தானே."

"அப்பா, அது கார் மட்டும் இல்லை எண்டு உங்களுக்கும் தெரியும்."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

அந்தக் கிழமையே செல்வரட்ணம் போன் எடுத்தார். மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். விநாயகமூர்த்தி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணை, பெட்டியை முழுக்கப் பிரிச்சாச்சு! ஒரு பல்லும் தேயேல்லை. மெக்கானிக் சொல்லுறான், இப்பிடி வடிவாப் பூட்டின பெட்டியைத் தான் இதுவரை காணேல்லையாம். நீங்கள் என்னத்தைக் கேட்டுப் பயந்தனீங்கள்? சும்மா இருந்த சாமானை நோயாளி ஆக்கிப்போட்டியள்!"

மறுமுனையில் பெரிய சிரிப்பு.

"எனக்கு விளங்கேல்லைப் போல," என்றார் விநாயகமூர்த்தி.

"சரி, அதை விடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை அக்கா, அத்தான் எல்லாரும் வாறம். பேசி முடிப்பம். காரிலைதான் வருவம். குறைச்சு வாங்கினது எனக்கு மனம் கேக்கேல்லை. அதாலை ஒரு ஏற்பாடு செய்திருக்கிறன். எல்லாருக்கும் முன்னாலை நீங்கள்தான் கூரையை மடக்கிப்போட்டு அக்காவை ஏத்திக்கொண்டு ஏரிப் பக்கம் ஒரு சுத்துச் சுத்திவரோணும். இன்சூரன்ஸிலை உங்கடை பெயரையும் போடுறன், லைசென்ஸ் நம்பரை மட்டும் அனுப்பிவிடுங்கோ."

போன் வைக்கப்பட்டது. சோற்றில் இருந்து ஆவி எழுவது நின்றிருந்தது.

"காய்ச்சல் எண்டு சொல்லுவம்," என்றார் யோகராணி.

விநாயகமூர்த்தி சொன்ன சாட்டுப் பொய்களை மனதுக்குள் எண்ணினார். முழங்கால் போய்விட்டது, கியர்ப் பெட்டி போய்விட்டது. இனிக் காய்ச்சல். அதற்கடுத்த கிழமை, கலியாண வீட்டில், பிறகு பேரப்பிள்ளையின் பிறந்தநாளில் என்னென்ன சாட்டுகள் வேண்டிவரும் என்று அவருக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அவருக்கு அறுபது வயது. அத்தனை சாட்டுகளையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

"நான் சொல்லப்போறன்," என்றாள் நிலாணி. "ஞாயிற்றுக்கிழமை. அவையின்ரை அம்மாக்கு நேரை. துஷாந்துக்கு இப்பவே மெசேஜ் போடுறன். ஓம் எண்டா ஓம். இல்லையெண்டா ஐ வில் டீல் வித் இற்."

யோகராணி கணவரைப் பார்த்தார், அவர் தடுப்பார் என்று.

அவர் தயிரைத் தன் பக்கம் இழுத்துச் சோற்றில் விட்டுப் பிசைந்தார். நிறைய நேரம் பிசைந்தார்.

"வந்த உடனை சொல்லாதை," என்றார். "அவை சாப்பிட்டு முடிக்கட்டும். பேந்து சொல்லு."