கட்டில் யாரோடது?

நகர மண்டபத்துக் குமாஸ்தா கேட்டது வினிஃப்ரெட் என்ட்விசிலுக்கு முதலில் புரியவே இல்லை.

"கட்டில் யாரோடது, மிஸ்?"

"எந்தக் கட்டில்?"

"நீங்க படுக்கிற கட்டில்தான்."

நாற்பது தாண்டிய பள்ளி ஆசிரியையிடம் கேட்கிற கேள்வியா இது? அவள் முகம் சிவந்துபோனது. வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்க வந்தவளிடம் குமாஸ்தா தப்பாக ஒன்றும் கேட்கவில்லை, பாவம். இங்கிலாந்தில் 1918-இல் வந்த புதுச் சட்டம் அப்படி. முப்பது வயதான பெண்களுக்கு ஓட்டு வந்துவிட்டது. ஆனால் அவள் தன் பெயரில் வீடுள்ள குடித்தனக்காரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் குடித்தனக்காரனின் மனைவியாக இருக்க வேண்டும். தனி அறையில் வாடகைக்கு இருப்பவள் என்றால் அறைச் சாமான்கள் அவளுடையவையாக இருக்க வேண்டும். அடுத்தவள் கட்டிலில் படுப்பவளுக்கு ஓட்டு கிடையாது. லண்டனில் யாரோ மெனக்கெட்டு உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்!

"கட்டில், மேசை எல்லாம் வீட்டுக்காரம்மாவோடது. இன்னைக்கே புதுசா வாங்கிப் போட்டுடறேன்," என்றாள்.

"தேதி தாண்டிப் போச்சு, மிஸ். வசந்தத்துக்கு முன்னாடியே உங்களோடதா இருந்திருக்கணும். இருந்துச்சுன்னு வீட்டுக்காரம்மா சொன்னா சேர்த்துக்கறேன். எனக்கென்ன வந்தது?"

அவளுக்கும் ஒரு காலத்தில் கட்டில் இருந்தது. அம்மா விட்டுப்போன ஓக் மரக் கட்டில், கண்ணாடி பதித்த அலமாரி, நாற்காலிகள். பெண்கள் வாக்குரிமைச் சங்கம் நிதி திரட்ட ஏலம் போட்டபோது அத்தனையையும் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் இந்த ஒற்றை அறைக்கு வந்தாள். அந்தப் பணத்தில் அச்சடித்த துண்டறிக்கைகளை அவளே மில் வாசல்களில் மழையில் நின்று விநியோகித்தாள். ஓட்டுக்காகக் கட்டிலைக் கொடுத்தவளுக்கு, கட்டில் இல்லாததால் ஓட்டு இல்லை. இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

வீட்டுக்காரி மிஸஸ் ஆர்மராட் அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். வினிஃப்ரெட் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"நல்லா இருக்கு கண்ணு! இன்னைக்குக் கட்டில் உன்னோடதும்பேன். நாளைக்கு வண்டியில ஏத்திட்டுக் கிளம்பிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"நான் அப்படிச் செய்வேனா, மிஸஸ் ஆர்மராட்?"

"செய்ய மாட்டே. ஆனா அது எங்க மாமியா கட்டில். செத்தவங்க சொத்துல பொய் சொல்லக் கூடாது. அதுவும் டீச்சர் சொல்லிக்குடுத்து!" என்று சிரித்தவள், வினிஃப்ரெட்டின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இளகினாள். "இதுக்குப் போய் ஏன் மூஞ்சி தொங்குது? புருஷன் குடித்தனக்காரன்கறதால எனக்கு ஓட்டு இருக்காமே. நான் கேட்டேனா? நீ கை காட்டுற ஆளுக்கே போட்டுடறேன், போ."

பிச்சைதான். ஆனாலும் வினிஃப்ரெட் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தேர்தலில் நின்ற இருவரில் ஒருவர், ஆசிரியைகளுக்கும் ஆண்களுக்குச் சமமாகச் சம்பளம் வேண்டும் என்றவர். மற்றவர் மில் முதலாளி. பெண்களுக்கு ஓட்டே கூடாது என்று கடைசிவரை எதிர்த்தவர். வினிஃப்ரெட் வாக்குச்சீட்டை வரைந்து காட்ட வந்தாள். "பெருக்கல் குறி போடக்கூடத் தெரியாதா எனக்கு?" என்று மிஸஸ் ஆர்மராட் விரட்டிவிட்டாள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை தேர்தல். வாக்குச்சாவடி வினிஃப்ரெட்டின் வகுப்பறையிலேயே போட்டிருந்தார்கள். வாசலில் மிஸஸ் ஆர்மராட் வினிஃப்ரெட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் படபடன்னு வருது. நீயும் கூட வா, கண்ணு."

"பட்டியல்ல பேர் இல்லாதவங்க உள்ள வரக் கூடாது, மிஸ்," என்று காவலர் மரியாதையாகவே தடுத்தார். பதினேழு வருடம் அவள் பாடம் நடத்திய அறை. மிஸஸ் ஆர்மராட் கூடையை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது பூரித்துப்போயிருந்தாள்.

"ரெண்டு பேருக்குமே போட்டுட்டேன்! ஒருத்தர் உன் ஆளு, இன்னொருத்தர் எங்க வீட்டுக்காரருக்குச் சோறு போடுறவரு. யார் மனசும் நோகக் கூடாது பாரு. ரெண்டு குறியும் நல்லா அழுத்தியே போட்டேன். இப்ப சந்தோஷம்தானே?"

அந்தச் சீட்டு செல்லாது. எண்ணும்போது யாரோ அதைத் தனியே ஒதுக்கிப் போட்டுவிடுவார்கள்.

"சந்தோஷம்தான்," என்றாள் வினிஃப்ரெட். வேறென்ன சொல்வது? மழையில் துண்டறிக்கையோடு நின்றதுபோல எதற்காகவும் இன்னொரு முறை தெருவில் இறங்கி நிற்க அவளுக்குத் தெம்பில்லை.

"அப்ப வா, மீன் வாங்கிட்டுப் போவோம்," என்றாள் மிஸஸ் ஆர்மராட். வினிஃப்ரெட் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள்.