ஜெயலக்ஷ்மி டீச்சரின் சிடி

பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு இரண்டு டீச்சர்கள் இருந்தார்கள். ஜூன் மாதத்திலிருந்து ஒருவர் போதும் என்று கரஸ்பாண்டென்ட் சிட்டிபாபு சொல்லிவிட்டார். யார் போகவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டிய தேவையே இல்லை என்று ஜெயலக்ஷ்மி நினைத்தாள். அவளுக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம். இன்னொருத்தி, முசரவாக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் லில்லி, சேர்ந்து மூன்று வருஷம்தான். அதுவும், பிள்ளைகள் கையைத் தூக்கினால் பாடத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவள். ஜெயலக்ஷ்மி வகுப்பில் அந்தக் கதையே கிடையாது. மணி அடிக்கும்வரை ஒரே வாய்தான் பேசும்.

அது 2002. அவளிடம் படித்துவிட்டுச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருந்த ஸ்ரீவர்தன் வந்தான்.

"இனிமே புத்தகமே கிடையாது டீச்சர். படம், பாட்டு, விளக்கம் எல்லாம் ஒரே சிடி. ஏழாங்கிளாஸ் தமிழ் முழுக்க உங்க வாய்ஸ்தான். நீங்க ரிடயர் ஆனாலும் பசங்க உங்ககிட்டதான் படிப்பாங்க."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதை முடித்துக்கொடுத்தால் லில்லியின் கதை முடிந்தது என்று கணக்குப் போட்டாள்.

பள்ளியின் பின்சந்தில் ஓயாத தறிச் சத்தம். நெசவாளர்கள் மதியம் சாப்பிட எழுந்த நேரத்தில்தான் பதிவு செய்ய முடிந்தது. டீச்சர்கள் அறையைச் சாத்திக்கொண்டு, இரண்டு மாதம் சாப்பாட்டு வேளையெல்லாம் பேசினாள். ஒருநாள் நடுவில் கதவு லேசாகத் திறந்தது. லில்லி நின்றாள். அவளுடைய சாப்பாட்டு டப்பா உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது.

"வாசல்ல நின்னுண்டு என்ன வேடிக்கை? போ அந்தண்ட!"

கூட வேலை பார்ப்பவளை யாரும் அப்படி விரட்டமாட்டார்கள். லில்லி முகம் செத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். அன்று அவள் சாப்பிடவில்லை. பதிவு செய்துகொண்டிருந்த ஸ்ரீவர்தன் நெளிந்தான்.

"இத கட் பண்ணிடட்டுமா டீச்சர்?"

"இருக்கட்டும்டா. கிளாஸ்னா ஒரு அதட்டல் வேணும். அப்பதான் பயம் இருக்கும்."

ஏப்ரல் கடைசியில் சிடி தயாரானது. மறுநாளே சிட்டிபாபு அவளைக் கூப்பிட்டு, காபி வரவழைத்துக் கொடுத்தார். காபியைப் பார்த்ததும் நல்ல செய்திதான் என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. உங்க பாடம் மொத்தமும் இதுல வந்துடுச்சு." சிடியை விரலில் மாட்டிச் சுற்றினார். "இத போடறதுக்கும், நின்னுபோனா ஓடவைக்கறதுக்கும் ஒரு ஆளு வேணும். லில்லி மிஸ் சாயந்திரத்துல கம்ப்யூட்டர் கிளாஸ் போயிக்கினு இருக்குது. நீங்க மௌஸக்கூடத் தொடமாட்டேங்கிறீங்க."

"நான் பேசினதாச்சே அது!"

"அதான்மா சொல்றேன். இனிமே நீங்க பேசத் தேவையில்ல."

ஆகஸ்டில் அனுபவச் சான்றிதழ் வாங்க வந்தாள். வேலை எங்கும் கிடைத்திருக்கவில்லை. போன இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் தெரியுமா என்றே கேட்டார்கள். ஏழாம் வகுப்பைத் தாண்டும்போது தன் குரல் காதில் விழுந்தது. கணீரென்று இருந்தது. எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறோம் என்று கேட்க, வெட்கங்கெட்ட மனசு அவளை வாசலில் நிறுத்தியது.

உள்ளே ஒரு பெண் கையைத் தூக்கியபடியே இருந்தாள். குரல் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்பது நிமிஷத்தில் சிடியில் ஒரு பாடம் முடியவேண்டும் என்பது உத்தரவு. லில்லி கம்ப்யூட்டர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் கையைக் கீழே போட்டுக்கொண்டாள்.

திடீரென்று பிள்ளைகள் உஷாரானார்கள். பலமுறை ஓடிய பாடம்; அடுத்து வருவது அவர்களுக்கு மனப்பாடம். எல்லாரும் வாசல் பக்கம் திரும்பி, சிடியோடு சேர்ந்து கத்தினார்கள்.

"வாசல்ல நின்னுண்டு என்ன வேடிக்கை? போ அந்தண்ட!"

வழக்கமாக அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். இன்று அந்தக் குரலுக்குரியவளே நின்றாள். கடைசி பெஞ்சில் கிளம்பிய சிரிப்பு அறை முழுக்கப் பரவியது. ஜெயலக்ஷ்மிக்கு உடம்பெல்லாம் கூசியது. பிள்ளைகளை அடக்கேன் என்று லில்லியைக் கண்ணாலேயே கெஞ்சினாள். லில்லியும் அவளைப் பார்த்தாள். கை மௌஸுக்குப் போனது. நிறுத்தப்போகிறாள் என்று ஜெயலக்ஷ்மிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

லில்லி பாடத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, சத்தத்தைக் கூட்டி, மறுபடியும் ஓடவிட்டாள்.